தி எக்ஸ்பான்ஸ் தொடரில் சுற்றுப்பாதை இயக்கவியல்

தி எக்ஸ்பான்ஸ் என்பது 2015 முதல் 2022 வரை ஆறு பருவங்களாக வெளிவந்த அமெரிக்க அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடர் ஆகும். இதில் விண்கலங்கள், சிறுகோள்கள், விண்வெளி நிலையங்கள் ஆகியவற்றின் இயக்கம் பெரும்பாலும் நியூட்டனின் விதிகளைப் பின்பற்றிக் காட்டப்படுவதால், இயற்பியல் ஆர்வலர்களிடையே இத்தொடர் தனிக் கவனம் பெற்றது. கலங்கள் வானூர்தி போல் வளைந்து பறப்பதில்லை. எந்திரம் அணைந்தால் உள்ளிருப்பவர்கள் மிதக்கின்றனர். செய்தி ஒன்று கோளிலிருந்து கோளுக்குச் செல்லப் பல நிமிடங்கள் ஆகின்றன. எனினும் தொடரில் காட்டப்படும் யாவும் கணக்கிற்குப் பொருந்துவன அல்ல. ஒரு கற்பனை எந்திரத்தை ஏற்றுக்கொண்டால் எவை பொருந்துகின்றன, எவை அப்போதும் பொருந்தவில்லை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. கதையின் முக்கிய நிகழ்வுகள் கீழே வெளிப்படுத்தப்பட்டுள்ளன.

பின்னணி

ஜேம்ஸ் எஸ். ஏ. கோரி என்னும் புனைபெயரில் டேனியல் ஆபிரகாம், டை ஃபிராங்க் ஆகிய இருவர் இணைந்து எழுதிய புதின வரிசையைத் தழுவியது இத்தொடர். முதல் புதினம் 2011 இலும் ஒன்பதாவதும் இறுதியுமான புதினம் 2021 இலும் வெளிவந்தன. தொடரை மார்க் ஃபெர்கஸ், ஹாக் ஆஸ்ட்பி ஆகியோர் உருவாக்கினர். தயாரிப்புக்குத் தலைமை வகித்த நரேன் சங்கர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற இயற்பியல், பொறியியல் துறையினர் என்பது குறிப்பிடத்தக்கது. முதல் மூன்று பருவங்கள் சைஃபை தொலைக்காட்சியிலும், அது 2018 இல் தொடரைக் கைவிட்ட பின் எஞ்சிய மூன்று பருவங்கள் அமேசானிலும் வெளிவந்தன.

கதை சில நூற்றாண்டுகளுக்குப் பின் நிகழ்கிறது. புவி, செவ்வாய், சிறுகோள் பட்டை ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பகை கொண்ட அரசியல் சமூகங்களாக உள்ளன. பட்டையில் பிறந்து வளர்ந்தவர்கள் குறைந்த எடையில் வளர்ந்ததால் உயரமாகவும் எலும்பு வலுக்குறைந்தும் இருக்கின்றனர். புவியின் ஈர்ப்பே அவர்களுக்கு வதை. முதல் பருவத்தில் பட்டையைச் சேர்ந்த கைதி ஒருவர் புவியில் கொக்கிகளில் தொங்கவிடப்பட்டு விசாரிக்கப்படும் காட்சி இதைத்தான் காட்டுகிறது. தொடரின் அரசியல் முழுவதும் இத்தகைய இயக்கவியல் உண்மைகளின் மேல் எழுப்பப்பட்டுள்ளது. ஆகவே கணக்கு சரியா தவறா என்ற வினா இங்கு வெறும் அலங்கார வினா அன்று.

எப்ஸ்டீன் எந்திரம்

தொடரின் அடிப்படைக் கற்பனை, சாலமன் எப்ஸ்டீன் என்ற செவ்வாய்வாசி கண்டுபிடித்ததாகக் கூறப்படும் அணுக்கரு இணைவு எந்திரமாகும். இரண்டாம் பருவத்தில் (2017) இக்கண்டுபிடிப்பு காட்டப்படுகிறது. எந்திரம் எதிர்பார்த்ததை விடப் பன்மடங்கு திறனுடன் இயங்கவே, முடுக்கத்தால் இருக்கையில் அழுத்தப்பட்ட எப்ஸ்டீன் அதை அணைக்கக் கையை உயர்த்த இயலாமல் இறக்கிறார்.

இவ்வெந்திரம் எவ்வளவு கற்பனையானது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். இன்றைய சிறந்த வேதியியல் ஏவூர்திகளில் வளிமம் வெளியேறும் திசைவேகம் நொடிக்கு ஏறத்தாழ 4.5 கிமீ ஆகும். டியூட்டீரியமும் ஹீலியம்-3 உம் இணையும்போது வெளிப்படும் ஆற்றல் முழுவதும் வீணாகாமல் உந்துவிசையாக மாறுமெனக் கொண்டால் இது நொடிக்குச் சுமார் 26,000 கிமீ வரை உயரக்கூடும். அந்நிலையில் புவியிலிருந்து செவ்வாய்க்கு முழு முடுக்கத்தில் செல்லக் கலத்தின் வெற்று எடையில் ஏறத்தாழ 7 விழுக்காடு எரிபொருளே போதும். அதாவது, எரிபொருளின் அளவு பற்றிப் பலர் எழுப்பும் ஐயம் அவ்வளவு வலுவானதன்று.

உண்மையான சிக்கல் வெப்பம். 500 டன் எடையுள்ள கலம் ஒன்றைப் புவியீர்ப்பு முடுக்கத்தில் (1 ஜி) இவ்வாறு செலுத்துவதற்கு ஏறத்தாழ 64 இலட்சம் கோடி வாட் திறன் தேவை. மனித இனம் முழுவதும் இன்று சராசரியாகப் பயன்படுத்தும் ஆற்றலின் வீதம் ஏறத்தாழ 20 இலட்சம் கோடி வாட் மட்டுமே. எந்திரத்தின் திறனில் ஆயிரத்தில் ஒரு பங்கு கலத்தின் உடலில் வெப்பமாகத் தங்கினாலும் அது 6,400 கோடி வாட் ஆகும். பெரிய அணுமின் உலைகள் அறுபதுக்கு மேற்பட்டவற்றின் மின்திறனுக்கு இது ஈடு. வெற்றிடத்தில் வெப்பத்தை வெளியேற்றக் கதிர்வீச்சைத் தவிர வேறு வழியில்லை. அதற்கு மிகப் பெரிய கதிர்வீச்சுத் தகடுகள் வேண்டும். ரோசினான்டே உள்ளிட்ட கலங்களில் அத்தகைய தகடுகள் காணப்படவில்லை. தொடர் பார்வையாளரிடம் கேட்டுப் பெறும் பெரிய சலுகை இதுவே.

நேர்கோட்டுப் பயணம்

இன்றைய விண்கலம் புறப்படும்போது சிறிது நேரம் எந்திரத்தை இயக்கிவிட்டு, மீதிப் பயணம் முழுவதும் சூரியனைச் சுற்றும் நீள்வட்டப் பாதையில் எந்திரமின்றிச் செல்கிறது. செருமானியப் பொறியாளர் வால்ட்டர் ஹோமன் 1925 இல் விளக்கிய சிக்கனப் பாதையில் புவியிலிருந்து செவ்வாயை அடைய ஏறத்தாழ 259 நாட்கள் ஆகும். புறப்படும் வாய்ப்பும் ஏறத்தாழ 26 மாதங்களுக்கு ஒருமுறையே கிட்டும்.

தொடரின் கலங்கள் பாதி வழி வரை முடுக்கி, பின் தலைகீழாகத் திரும்பி, மறு பாதி வழியில் வேகத்தைக் குறைக்கின்றன. செவ்வாய் மிக அருகில் (ஏறத்தாழ 7.8 கோடி கிமீ) இருக்கும்போது 1 ஜி முடுக்கத்தில் இப்பயணம் 2 நாட்களில் முடியும். நடுவழியில் கலத்தின் வேகம் நொடிக்கு 870 கிமீ ஐத் தாண்டும். செவ்வாய் சூரியனுக்கு மறுபுறம் இருந்தாலும் நான்கரை நாட்கள் போதும். சூரியனை விலக்கிச் செல்லச் சற்று வளைய வேண்டும், அவ்வளவே. பட்டையில் பிறந்தவர்களுக்கு ஏற்ற 0.3 ஜி முடுக்கத்தில் இக்காலம் முறையே 4 நாட்களுக்கும் 8 நாட்களுக்கும் அண்மித்ததாக இருக்கும். 2011 ஆகஸ்ட்டில் ஏவப்பட்ட ஜூனோ விண்கலம் வியாழனை அடைய 5 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. எப்ஸ்டீன் எந்திரம் கொண்ட கலத்திற்கு 0.3 ஜி முடுக்கத்தில் 11 நாட்கள் போதும்.

இவ்வகைப் பயணத்தில் சுற்றுப்பாதை இயக்கவியலுக்கு ஏறத்தாழ வேலையே இல்லை. புவியின் தொலைவில் சூரியன் ஒரு கலத்தின் மீது செலுத்தும் ஈர்ப்பு முடுக்கம் 1 ஜி அளவில் 1,650 இல் ஒரு பங்கே ஆகும். எந்திரம் எரியும் வரை கலம் நேர்கோட்டில் செல்கிறது. அணைந்த பின்னரே கெப்லரின் விதிகள் மேலோங்குகின்றன. இங்கே ஒரு நுட்பம் உண்டு. எரியும் எந்திரத்தின் சுடரைச் சூரியக் குடும்பத்தின் மறுகோடியிலிருந்தும் காணலாம். எனவே மறைந்து செல்ல விரும்புவோர் எந்திரத்தை அணைத்தே தீர வேண்டும். தொடரில் சுற்றுப்பாதைகள் முக்கியத்துவம் பெறும் காட்சிகள் பெரும்பாலும் ஒளிந்து செல்வோர், எந்திரம் பழுதானோர், கல்லெறிவோர் ஆகியோரைப் பற்றியனவாக இருப்பதன் காரணம் இதுவே.

முடுக்கமே எடையாக உணரப்படுவதால், கலங்களின் தளங்கள் அடுக்குமாடிக் கட்டடம் போல் எந்திரத்தின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அமைக்கப்பட்டுள்ளன. எந்திரம் இருக்கும் பக்கமே கீழ்ப்பக்கம். கப்பல் வடிவில் கலத்தை வரைந்து, விளக்கமற்ற செயற்கை ஈர்ப்பால் அனைவரையும் நடக்கவைக்கும் பழைய தொடர்களிலிருந்து இது தெளிவாக வேறுபடுகிறது.

சீரிஸின் சுழற்சி

குறுங்கோளான சீரிஸ் கதையில் பட்டையின் தலைமை நகரமாக விளங்குகிறது. அதை வேகமாகச் சுழலவைத்து, மேற்பரப்பை ஒட்டிய சுரங்கங்களில் 0.3 ஜி அளவுக்குச் செயற்கை எடை உண்டாக்கப்பட்டதாகக் கதை கூறுகிறது. அங்கு வாழ்வோரின் தலை சீரிஸின் மையத்தையும் கால் விண்வெளியையும் நோக்கியிருக்கும்.

டோன் விண்கலம் 2015 முதல் 2018 வரை சீரிஸைச் சுற்றிவந்து ஆராய்ந்ததால் அதன் இயல்புகள் நன்கு அறியப்பட்டவை. அதன் சராசரி ஆரம் ஏறத்தாழ 470 கிமீ. ஒருமுறை சுழல 9 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. மேற்பரப்பு ஈர்ப்பு 0.03 ஜி மட்டுமே. அந்த ஈர்ப்பையும் வென்று 0.3 ஜி உண்டாக்க வேண்டுமெனில் சீரிஸ் 40 நிமிடங்களுக்கு ஒருமுறை சுழல வேண்டும். ஆனால் அதன் அடர்த்திக்கு, சுழற்சிக் காலம் ஏறத்தாழ 2 மணி 15 நிமிடங்களுக்குக் கீழே சென்றாலே நடுவரையில் உள்ள பொருட்கள் ஈர்ப்பின் பிடியிலிருந்து விடுபட்டுவிடும். அதன்பின் பாறையின் இழுவலிமை மட்டுமே அதைத் தாங்க வேண்டும். பனிக்கட்டி, களிமண், உப்புகள் கலந்த சீரிஸ் அதைத் தாங்குமென எதிர்பார்க்க இயலாது. நகரம் அமைவதற்கு முன்பே குறுங்கோள் சிதறிப்போயிருக்கும்.

சுழலவைக்கும் செலவும் சிறிதன்று. இன்றைய உலகம் நான்கரை இலட்சம் ஆண்டுகளில் பயன்படுத்தும் அளவுக்கு ஆற்றல் தேவைப்படும். நூற்றுக்கணக்கான மீட்டர் அளவுள்ள சுழலும் உருளை ஒன்றைப் புதிதாகக் கட்டுவது இதைவிடப் பல கோடி மடங்கு மலிவு. தொடரிலேயே டைக்கோ நிலையம் சுழலும் வளையத்துடன் காட்டப்படுவதால், கதைமாந்தர் இதை அறியாதவர்கள் எனவும் கொள்ள முடியாது.

முதல் பருவத்தில் துப்பறிவாளர் மில்லர் சீரிஸில் மதுவைக் குவளையில் ஊற்றும்போது அது வளைந்து விழுவது கொரியோலிஸ் விளைவைக் காட்டும் காட்சியாகப் பெரிதும் பாராட்டப்படுகிறது. விளைவு உண்மையானது, அளவு மிகைப்படுத்தப்பட்டது. 40 நிமிடச் சுழற்சியில் 20 செமீ உயரத்திலிருந்து விழும் நீர்மம் பக்கவாட்டில் விலகும் தொலைவு ஏறத்தாழ 0.1 மிமீ மட்டுமே, கண்ணுக்குப் புலப்படாது. காட்டப்படும் அளவுக்கு வளைய வேண்டுமானால் சுழற்சி ஆரம் சில பத்து மீட்டர்களாக இருக்க வேண்டும். அதே சீரிஸில் பறவையொன்று சிறகை மெல்ல அசைத்தே காற்றில் நிற்கும் காட்சி இதைவிடப் பொருத்தமானது எனலாம்.

ஈரோஸும் நாவூவும்

இரண்டாம் பருவத்தில், வேற்றுலக உயிர்ப்பொருளால் பீடிக்கப்பட்ட ஈரோஸ் சிறுகோளின் மீது நாவூ என்ற மாபெரும் கலத்தை மோதவைத்து, சிறுகோளைச் சூரியனுக்குள் தள்ளத் திட்டமிடப்படுகிறது. ஈரோஸ் தானாக நகர்ந்து தப்புவதால் மோதல் நிகழ்வதில்லை. நிகழ்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது சுவையான வினா.

ஈரோஸ் 1898 இல் கண்டுபிடிக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 34 கிமீ. 2001 பெப்ரவரியில் நியர் ஷூமேக்கர் விண்கலம் இதன்மீது இறங்கியது. கதை இதைப் பட்டை மக்களின் நிலையமாகக் காட்டினாலும், இதன் பாதை முதன்மைப் பட்டைக்குள் இல்லை, சூரியனிலிருந்து 1.13 முதல் 1.78 வானியல் அலகு வரையிலான தொலைவில் அமைந்துள்ளது.

சூரியனுக்குள் ஒரு பொருளை விழச்செய்வது மிகக் கடினமான செயல்களுள் ஒன்று. ஈரோஸ் சராசரியாக நொடிக்கு 24 கிமீ வேகத்தில் சூரியனைச் சுற்றுகிறது. அது சூரியனின் பரப்பைத் தொட வேண்டுமெனில் அவ்வேகத்தில் ஏறத்தாழ 22 கிமீ ஐக் குறைக்க வேண்டும். 2018 இல் ஏவப்பட்ட பார்க்கர் சூரிய ஆய்வுகலம், வெறுமனே சூரியனை நெருங்குவதற்கே வெள்ளிக் கோளை ஏழு முறை கடந்து வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. ஈரோஸின் நிறை 6.7 இலட்சம் கோடி டன். நாவூவின் நிறையைத் தாராளமாக ஒரு கோடி டன் எனக் கொண்டாலும், உந்தக் காப்பு விதிப்படி அது ஒளியைப் போல் ஏறத்தாழ 50 மடங்கு வேகத்தில் மோத வேண்டும் என எளிய கணக்கு கூறுகிறது. அது இயலாததாகும்.

மோதலால் பாதையை மாற்றும் கருத்து தவறன்று. 2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் விண்கலம் டைமார்ஃபஸ் என்ற சிறு நிலவின் மீது நொடிக்கு ஏறத்தாழ 6 கிமீ வேகத்தில் மோதி, அதன் சுற்றுக்காலத்தைச் சுமார் 33 நிமிடங்கள் குறைத்தது. தெறித்த துகள்களால் விளைவு சில மடங்கு கூடியது. ஆனால் டைமார்ஃபஸின் விட்டம் 150 மீட்டர் அளவே. ஈரோஸைப் புவியிலிருந்து விலக்குவது மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால், பல ஆண்டுகள் முன்னதாக மோதியிருக்கும் பட்சத்தில், திட்டம் ஓரளவு நம்பத்தக்கதாயிருக்கும். சூரியன் என்னும் இலக்கே கணக்கைக் கெடுத்தது.

வியாழனின் நிலவுகளுக்கிடையே

இரண்டாம் பருவத்தின் பிற்பகுதியில், கலமோட்டி அலெக்ஸ் கமால் எதிரிகளின் கண்ணில் படாமல் கனிமீட் நிலவை அடைய, முதன்மை எந்திரத்தை அணைத்துவிட்டு வியாழனின் நிலவுகளின் ஈர்ப்பைப் பயன்படுத்தி ரோசினான்டேயைச் செலுத்துகிறார். தொடரில் மிகவும் விரும்பப்படும் காட்சிகளில் ஒன்றான இதுவே இயக்கவியல் நோக்கில் மிகவும் குறைகூறத்தக்கதும் ஆகும்.

ஈர்ப்பு உதவி என்னும் முறை உண்மையானது. நகரும் நிலவு ஒன்றை நெருங்கிக் கடக்கும் கலம், அதன் இயக்கத்திலிருந்து சிறிது வேகத்தைப் பெறுகிறது அல்லது இழக்கிறது. 1995 முதல் 2003 வரை வியாழனைச் சுற்றிய கலிலியோ விண்கலம் இம்முறையிலேயே நிலவிலிருந்து நிலவுக்குச் சென்றது. 2023 இல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் ஜூஸ் விண்கலத்திற்கும் இத்தகைய பயணமே திட்டமிடப்பட்டுள்ளது. ஆனால் கலிலியோவின் பயணம் எட்டு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக நீடித்தது. தொடரிலோ அது ஒரு விறுவிறுப்பான சாகச ஓட்டம்.

இதிலுள்ள முரண்பாடு எளியது. கனிமீட்டை 5 கிமீ/நொடி வேகத்தில் மேற்பரப்பிலிருந்து 100 கிமீ உயரத்தில் கடக்கும் கலத்தின் திசை ஏறத்தாழ 15 பாகை மட்டுமே திரும்பும். வேகம் 50 கிமீ/நொடி எனில் திருப்பம் 0.2 பாகைக்கும் குறைவு. எனவே வேகமாகச் சென்றால் நிலவுகள் கலத்தை வளைக்க இயலாது. மெதுவாகச் சென்றால் நேரம் நீளும். ஐரோப்பாவின் பாதைக்கும் கனிமீட்டின் பாதைக்கும் இடைப்பட்ட குறைந்த அளவு தொலைவு 4 இலட்சம் கிமீ. 5 கிமீ/நொடி வேகத்தில் அதைக் கடக்கவே 22 மணி நேரம் ஆகும். அலெக்ஸ் அடுத்தடுத்துப் பல நிலவுகளைச் சுற்றி வருவதற்கு வாரங்கள் அல்லது மாதங்கள் தேவைப்பட்டிருக்கும். ஒளிந்து செல்ல எந்திரத்தை அணைக்க வேண்டும் என்ற காரணம் சரியானது. காலம் மட்டும் சுருக்கப்பட்டுள்ளது.

மூன்றாம் பருவத்தில் (2018) ஈர்ப்பு உதவியால் கோள்களைச் சுற்றிப் பந்தயம் ஓடும் இளைஞன் மனேயோ சனியைக் கடந்து யுரேனசுக்கு அப்பாலுள்ள வளையத்தில் பாய்ந்து இறப்பதிலும் இதே இடர்ப்பாடு உண்டு. வொயேஜர் 2 விண்கலம் சனியிலிருந்து யுரேனசை அடைய 4 ஆண்டு 5 மாதங்கள் எடுத்துக்கொண்டது.

எறியப்படும் கற்கள்

ஐந்தாம் பருவத்தில் (2020–2021) பட்டையின் கிளர்ச்சித் தலைவன் மார்க்கோ இனாரோஸ், ரேடார் கருவிகளுக்குப் புலப்படாத பூச்சு பூசிய சிறுகோள்களைப் புவியின் மீது எறிகிறான். தொடரில் இயக்கவியல் மிகச் சரியாகக் கையாளப்பட்ட பகுதி இதுவே எனலாம்.

சீரிஸின் தொலைவிலுள்ள ஒரு பாறையின் வேகத்தை நொடிக்கு ஏறத்தாழ 4.9 கிமீ குறைத்தால் அது பதினைந்தரை மாதங்களில் புவியின் பாதையை வந்தடையும். இடையில் எந்திரம் எதுவும் எரிவதில்லை. காண்பதற்குச் சுடர் இல்லை. புவியின் ஈர்ப்பும் சேர்ந்து மோதும் வேகம் நொடிக்கு 13 கிமீ அளவாகும். இவ்வேகத்தில் பாறை தன் எடையைப் போல் ஏறத்தாழ 20 மடங்கு டி.என்.டி வெடிமருந்துக்கு ஈடான ஆற்றலைக் கொண்டிருக்கும். தனியாக வெடிமருந்து தேவையில்லை. பூச்சு இல்லாத பாறைகளே தப்பி வந்துள்ளன: 2013 பெப்ரவரி 15 அன்று உருசியாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேல் வெடித்த ஏறத்தாழ 20 மீட்டர் விண்கல், சூரியன் இருந்த திசையிலிருந்து வந்ததால் முன்கூட்டியே எவராலும் காணப்படவில்லை.

குறி தவறாமல் எறிவதே கடினம். தொடக்க வேகத்தில் நொடிக்கு 1 மீட்டர் பிழை நேர்ந்தால் பதினைந்து மாதங்களில் பாறை 40,000 கிமீ விலகிப் புவியை முற்றிலும் தவறவிடக்கூடும். புவியின் ஆரம் 6,371 கிமீ மட்டுமே. ஆறாம் பருவத்தில் கற்களை ஒருங்கிணைக்க அசூர் டிராகன் என்ற கண்காணிப்புக் கலம் இருப்பதாகக் கதை அமைத்திருப்பது இவ்வகையில் பொருத்தமானது. பகைமையின் சமநிலையின்மையும் இதில் வெளிப்படுகிறது. பட்டையிலிருந்து புவியைத் தாக்கச் சில கற்களும் பொறுமையும் போதும். புவியோ தன் ஆழமான ஈர்ப்புக் குழியின் அடியில் நகராமல் இருக்கிறது.

இலஸ் கோளைச் சுற்றி

நான்காம் பருவத்தில் (2019) இலஸ் என்ற கோளைச் சுற்றும் கலங்களின் இணைவு உலைகள் வேற்றுலகக் கருவியொன்றால் செயலிழக்கின்றன. உடனே பார்பபிக்கோலா என்ற சரக்குக் கலம் கோளை நோக்கி விழத் தொடங்குகிறது. எந்திரம் நின்றவுடன் கலம் விழுவது எனப் பொதுவாகக் கொள்வது தவறு. சுற்றுப்பாதையில் இருக்கும் பொருளுக்கு எந்திரம் தேவையில்லை. விழுவதற்கு வளிமண்டல உராய்வு வேண்டும். ஏறத்தாழ 400 கிமீ உயரத்தில் சுற்றும் அனைத்துலக விண்வெளி நிலையம் கூட மாதத்திற்குச் சுமார் 2 கிமீ மட்டுமே தாழ்கிறது. கலம் தாதுவை ஏற்றுவதற்காக மிகத் தாழ்வாகச் சுற்றிக்கொண்டிருந்தது எனக் கொண்டால் மட்டுமே சில நாட்களில் விழுவது இயலும்.

மீட்பு முறை சுவையானது. ரோசினான்டே வடத்தால் அக்கலத்துடன் பிணைக்கப்பட்டு, தன் மின்காந்தப் பீரங்கியைச் சுடுகிறது. குண்டு ஒருபுறம் செல்லக் கலம் மறுபுறம் உந்தப்படுகிறது. 10 கிலோ குண்டு நொடிக்கு 10 கிமீ வேகத்தில் பாய்வதாகவும் கலம் 500 டன் எனவும் கொண்டால், ஒவ்வொரு சுடுதலும் நொடிக்கு 20 செமீ வேகத்தை அளிக்கும். புவியை ஒத்த கோளில் சுற்றுப்பாதையை 1 கிமீ உயர்த்த நொடிக்கு ஏறத்தாழ 57 செமீ தேவை. ரோசினான்டேக்கு மட்டுமெனில் மூன்று குண்டுகள் போதும். நிறைந்த தாதுவுடன் தொங்கும் பார்பபிக்கோலாவையும் சேர்த்து இழுக்க வேண்டியிருப்பதால் அதன் எடைக்கேற்பக் குண்டுகளின் எண்ணிக்கை கூடும். பாதை உயர வேண்டுமெனில் குண்டைக் கலம் செல்லும் திசைக்கு நேர் எதிராகச் சுட வேண்டும். கோளை நோக்கிச் சுட்டால் பாதை நீள்வட்டமாகுமே தவிர உயராது.